பழைய லேப்டாப், லினக்ஸ், 1024×768-இல் நின்றுபோன திரை: கார்டு போய்விட்டதா?

வாசகர் கேள்வி, 2024 ஜனவரி 18, மாலை

அண்ணா, மாமா 2009-ல வாங்கின லேப்டாப் இப்ப என்கிட்ட இருக்கு. கோர் 2 டூயோ, 4 ஜிபி ராம், ஏடிஐ கிராஃபிக்ஸ் கார்டு. முதல்ல வேறொரு டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) போட்டேன், பூட் ஆகும்போதே திரை கருப்பாயிடுச்சு. ஒரு வீடியோல சொன்ன மாதிரி நோமோட்செட்னு ஒரு பூட் ஆப்ஷன் போட்டதும் படம் வந்துச்சு. அப்புறம் டெபியன் 11-க்கு மாறினேன், அதுலயும் அதையே சேர்த்துட்டேன். வேலை செய்யுது. ஆனா 1366×768 திரைல 1024×768 மட்டும்தான் வருது, எழுத்தெல்லாம் இழுத்து வச்ச மாதிரி தெரியுது. ஜன்னலை நகர்த்தினா பின்னாடியே வாலு மாதிரி வருது. கடையில காட்டினேன், கார்டு போயிடுச்சு, தூக்கிப் போடுங்கன்னு சொல்லிட்டாங்க. உண்மையா?

ஜனவரி 18, இரவு 10.40

இல்லை. கார்டு போயிருந்தால் பெரும்பாலும் திரையில் கோடு கோடாக வரும், கட்டம் கட்டமாகச் சிதறும், பவர் போட்டதும் வரும் பயாஸ் எழுத்தே உடைந்து தெரியும். உங்களுக்குப் படம் சுத்தமாக வருகிறது, அளவுதான் தப்பு. கார்டு உயிரோடு இருக்கிறது. அதை யாரும் எழுப்பவில்லை.

காரணம் அந்த நோமோட்செட். திரைக்கு எந்த அளவு, எத்தனை வண்ணம், எந்த வேகம் என்று அமைக்கும் வேலையைப் பழைய நாட்களில் எக்ஸ்ஆர்க் என்ற திரை மென்பொருள் செய்தது. 2009-இல் வந்த கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) 2.6.29 முதல் அந்தப் பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெர்னலுக்குள் போனது. முதலில் இன்டெல் கார்டின் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்), அடுத்து ஏடிஐ கார்டுகளுக்கான ரேடியான், பிறகு என்விடியா கார்டுகளுக்கான திறந்த மூல நூவோ. இன்று ரேடியான் டிரைவருக்கு வேறு வழியே தெரியாது. நோமோட்செட் என்றால் "கெர்னலே, நீ திரையைத் தொடாதே" என்று பொருள். அதைக் கேட்டதும் ரேடியான் டிரைவர் உள்ளே வராமலே திரும்பிப் போய்விடும். எக்ஸ்ஆர்க் வேறு வழியில்லாமல், எந்தக் கார்டிலும் ஓரளவு ஓடும் பொதுவான வெசா டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். வெசாவுக்குப் பயாஸ் சொல்லிக்கொடுத்த அளவுகள் மட்டுமே தெரியும். அந்தப் பட்டியலில் 1366×768 பெரும்பாலும் இருக்காது.

கால் முறிந்தவனுக்குக் கொடுத்த ஊன்றுகோல் அது. எலும்பு கூடிய பிறகும் யாரும் அதை வாங்கி வைக்கவில்லை. வீடியோ போடுகிறவர்கள் "இதைப் போடுங்கள், சரியாகிவிடும்" என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். உள்ளே நுழைந்தபின் எடுத்துவிடுங்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் எத்தனையோ மெஷின் குப்பைக்குப் போகாமல் இருந்திருக்கும். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

செய்ய வேண்டியது: கிரப் என்ற பூட் மெனுவின் /எட்சி/டீஃபால்ட்/கிரப் கோப்பைச் சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு) திறந்து, கொயட் என்ற சொல் இருக்கும் வரியில் நோமோட்செட்டை மட்டும் அழியுங்கள். சேமித்து, அப்டேட்-கிரப் கொடுத்து, ரீபூட். திரை கருப்பானால் பயப்பட வேண்டாம். கிரப் மெனுவில் 'இ' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் அதே சொல்லைக் கையால் சேர்த்தால் அந்த ஒரு முறைக்கு மட்டும் பழையபடி வரும்.

நாளைக் காலை எல்லாம் சரியாகிவிடும்.

ஜனவரி 19, காலை

சரியாகவில்லை என்று எழுதியிருக்கிறார். நோமோட்செட் போய்விட்டது, திரை கருப்பாகவும் இல்லை, ஆனால் அதே 1024×768.

நேற்று அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கக் கூடாது. ஒரு பூட்டைத் திறந்தோம், உள்ளே இன்னொரு பூட்டு இருக்கிறது.

தம்பி, மூன்று கட்டளைகளின் வெளியீடு வேண்டும். கணினிக்குள் உள்ள கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ-ஐ -என்என்கே சேர்த்து ஓட்டி விஜிஏ வரியும் அதற்குக் கீழே உள்ள வரிகளும். திரைகளையும் அவற்றின் அளவுகளையும் காட்டும் எக்ஸ்ரேண்டர் மொத்தமும். கெர்னல் விட்டுச்செல்லும் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் ரேடியான் என்று வரும் வரிகள் அனைத்தும். படமாக எடுத்து அனுப்ப வேண்டாம், எழுத்தாகவே ஒட்டுங்கள்.

ஜனவரி 20

வந்துவிட்டது. மூன்றும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன.

எல்எஸ்பிசிஐ-இல் கார்டின் எண் 1002:9552. ஆர்வி710, அதாவது மொபிலிட்டி ரேடியான் எச்டி 4300 வரிசை. கீழே "கெர்னல் மாட்யூல்ஸ்: ரேடியான்" என்று இருக்கிறது, "கெர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற வரியையே காணோம். எனக்கு இதுதான் முதல் சாட்சி. மாட்யூல்ஸ் என்பது இந்தக் கார்டுக்குப் பொருந்தக்கூடிய டிரைவர் கைவசம் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். இன் யூஸ் என்ற வரி இருந்தால்தான் அது உண்மையில் வேலைக்கு வந்திருக்கிறது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

எக்ஸ்ரேண்டரில் திரையின் பெயர் வெறும் "டீஃபால்ட்". டிரைவர் உள்ளே வந்திருந்தால் எல்விடிஎஸ் (லேப்டாப்பின் சொந்தத் திரை), விஜிஏ (வெளித்திரை) என்று ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு பெயர் இருக்கும். பெயரில்லாத ஒற்றைத் திரை தெரிந்தால் வெசாவோ அதன் அண்ணன் தம்பியோதான் ஓட்டிக்கொண்டிருக்கிறது.

டிமெசேஜ் நேராகவே சொல்லிவிட்டது: ஆர்600 குடும்பமும் (உங்கள் ஆர்வி710 அதில்தான்) அதற்குப் பின் வந்தவையும் கெர்னல் மோட்செட்டிங் (கெர்னலே திரையை அமைப்பது) செய்ய ஃபர்ம்வேர் நிறுவியிருக்க வேண்டுமாம். டெபியன் தன் கெர்னலில் வேண்டுமென்றே சேர்த்த சோதனை அது. ஃபர்ம்வேர் இல்லாமல் பாதி வழியில் திரையைக் கருப்பாக்குவதைவிட, தொடாமலே விட்டுவிடுவது மேல் என்று.

இந்தக் கார்டுக்குள் சின்னச் சின்னச் செயலிகள் உண்டு. ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் அவற்றுக்கு ஒரு சிறு நிரலை ஊட்ட வேண்டும், அதுதான் ஃபர்ம்வேர். டிரைவர் திறந்த மூலம்தான். ஊட்ட வேண்டிய அந்தத் துண்டு மட்டும் மூலநிரல் இல்லாமல் வருகிறது. அதனால் டெபியன் அதை நான்-ஃப்ரீ பிரிவில் வைத்தது, டெபியன் 11-இன் வழக்கமான இன்ஸ்டாலரில் அது கிடையாது. 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் ஓட்டெடுத்து இதை மாற்றினார்கள். 2023-இல் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் இன்ஸ்டாலரிலேயே இருக்கிறது. உங்களுடையது 11 என்பதால் கையால் போட வேண்டும்.

பொதிகள் எங்கிருந்து வரும் என்று சொல்லும் சோர்சஸ் லிஸ்ட் கோப்பில் மெயின் என்று முடியும் வரிகளில் கான்ட்ரிப், நான்-ஃப்ரீ இரண்டையும் சேருங்கள். ஏபிடி அப்டேட். பிறகு ஃபர்ம்வேர்-ஏஎம்டி-கிராஃபிக்ஸ் என்ற பொதியை நிறுவுங்கள். ரீபூட்.

ஒன்று கவனியுங்கள். நோமோட்செட் இருந்தவரை இந்தச் செய்தியே வந்திருக்காது, ஏனென்றால் டிரைவர் வாசலிலேயே திரும்பிவிட்டது. தற்காலிக வைத்தியம் உண்மையான நோயை மூடி வைத்திருந்தது.

ஜனவரி 21

"அண்ணா, 1366 வந்துடுச்சு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்."

இதைப் படித்தபோது இங்கே எனக்கும் முகம் மலர்ந்தது.

சந்தேகம் ஒன்று கேட்டிருக்கிறார். முன்பு, 3டி வேலையை யார் செய்கிறார் என்று காட்டும் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவில் "எல்எல்விஎம்பைப், 128 பிட்ஸ்" என்று இருந்ததாம், இப்போது "ஏஎம்டி ஆர்வி710" என்று மாறிவிட்டதாம். 128 பிட் கார்டு போய்க் குறைவான கார்டு வந்துவிட்டதோ என்று பயம். அப்படி இல்லை. எல்எல்விஎம்பைப் என்பது கார்டே அல்ல. கார்டு செய்ய வேண்டிய கணக்கையெல்லாம் உங்கள் கோர் 2 டூயோ தலைமேல் போட்டுச் செய்யும் மென்பொருள் அது. 128 என்பது அந்தச் செயலி ஒரே மூச்சில் கையாளும் அகலம். ஜன்னலுக்கு வால் முளைத்ததும் இதனால்தான்.

பிப்ரவரி 4

இரண்டு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை. எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் பிள்ளைகள் மாலையில் வந்து உட்காரும் ஆறு பழைய கணினிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். அதில் ஜன்னலோரம் இருக்கும் ஒன்று படுத்துவிட்டது. ஜீஃபோர்ஸ் 210 போட்ட டெஸ்க்டாப். தம்பியின் கதையோடு அது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பிறகுதான் உறைத்தது, அதனால் எழுதி வைக்கிறேன்.

ஜீஃபோர்ஸ் 8, 9, 200, 300 வரிசைகளுக்கு என்விடியாவின் மூடிய டிரைவர் (மூலநிரல் வெளியிடாதது) 340 வரைதான். கடைசிப் பதிப்பு 340.108, 2019 டிசம்பர். அடுத்த தலைமுறையான ஃபெர்மி கார்டுகளுக்கு 390, அதுவும் 2022-ஓடு நின்றது. அதற்கடுத்த கெப்ளருக்கு 470. கெர்னலோ சில மாதங்களுக்கு ஒருமுறை உள்ளே உள்ள கதவு சன்னல்களை இடம் மாற்றிக்கொண்டே போகும். மூடிய டிரைவரின் கெர்னலோடு ஒட்டும் பகுதி ஒவ்வொரு கெர்னலுக்கும் புதிதாகக் கம்பைல் ஆக (கட்டப்பட) வேண்டும். பராமரிப்பு நின்ற டிரைவர் ஒருநாள் கம்பைல் ஆகாமல் நிற்கும். யாரேனும் பேட்ச் எழுதினால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும்.

இதெல்லாம் தெரிந்தும் நான் செய்த தப்பு என்னுடையது. மூன்று வருடத்துக்கு முன் டிஸ்ட்ரோவின் பொதியை விட்டுவிட்டு, என்விடியா தரும் .ரன் கோப்பை நேராக ஓட்டி நிறுவியிருந்தேன். போன வாரம் கெர்னல் அப்டேட் ஆனது, மறுநாள் கருப்புத் திரை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தினால் எழுத்துத் திரை வந்தது, அதுவரை ஆறுதல். ஒவ்வொரு கெர்னலுக்கும் டிரைவரைக் கட்டித்தரும் டிகேஎம்எஸ்ஸின் ஸ்டேட்டஸில் புதிய கெர்னலுக்கு நேராக ஒன்றும் இல்லை. சரி, இந்தக் கார்டுக்கு இனி நூவோ போதும் என்று முடிவு செய்து மூடிய டிரைவரை நீக்கினேன்.

நீக்கியபின் படம் வந்தது. 1024×768. ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவில் எல்எல்விஎம்பைப்.

அரைமணி நேரம் நூவோவைத் திட்டிக்கொண்டிருந்தேன். எல்எஸ்பிசிஐ பார்த்தால் மாட்யூல்ஸ் வரியில் நூவோ இருக்கிறது, இன் யூஸ் வரியைக் காணோம். தம்பிக்கு நானே எழுதிய வரி நினைவுக்கு வந்தது. /எட்சி/மோட்ப்ரோப்.டி அடைவைத் திறந்தேன். மூன்று வருடத்துக்கு முன் இன்ஸ்டாலர் உருவாக்கிய கோப்பு, பெயரிலேயே "டிசேபிள்-நூவோ" என்று, அங்கேயே உட்கார்ந்திருந்தது. உள்ளே இரண்டே வரி: நூவோவை பிளாக்லிஸ்ட் செய், மோட்செட் பூஜ்யம். அழித்தேன். ரீபூட். 1440×900.

டிரைவர் போய்விட்டது, அது போட்டுவிட்டுப் போன தடை மட்டும் நின்றுவிட்டது. பழைய கணினியில் கிராஃபிக்ஸ் கோளாறு என்று வருவதில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான்: பழைய வைத்தியத்தின் மிச்சம்.

பிப்ரவரி 5

நேற்று எழுதியதில் இரண்டு திருத்தம்.

ஒன்று, "பாதிக்கு மேல்" என்று எண்ணிச் சொல்லவில்லை. என் கைக்கு வந்ததை வைத்துச் சொன்னேன். தம்பியின் கணினியில் மிச்சமும் இருந்தது, இல்லாமையும் இருந்தது. இரண்டையும் சேர்த்தால்தான் கதை முழுமை.

இரண்டு, கோப்பை அழித்ததும் ரீபூட் என்று எழுதிவிட்டேன். நடுவில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு கொடுத்தேன், எழுத விட்டுப்போயிற்று. பூட்டின் தொடக்கத்தில் கெர்னல் படிப்பது இனிட்ராம்எஃப்எஸ் என்ற மூட்டையை. அந்தத் தடைக்கோப்பின் நகல் மூட்டைக்குள்ளும் இருக்கும். வெளியே அழித்துவிட்டு மூட்டையைப் புதிதாகக் கட்டாவிட்டால் பழைய தடை தொடரும். நேற்று இதைப் படித்துவிட்டு முயன்றவர்கள் மன்னிக்கவும்.

.ரன் கோப்பால் நிறுவியவர்கள் அதே கோப்பை அன்இன்ஸ்டால் சேர்த்து ஓட்டித்தான் நீக்க வேண்டும். டிஸ்ட்ரோவின் பொதிகளை நீக்கும் ஏபிடி பர்ஜுக்கு அது நிறுவியது எதுவும் தெரியாது. பழைய 340 தன் சொந்த லிப்ஜிஎல்-ஐயும் (3டி வரையும் நூலகம்) அங்கே வைத்திருக்கும், அது மீசாவின் (திறந்த மூல 3டி டிரைவர்களின் தொகுப்பு) வழியை மறிக்கும்.

பிப்ரவரி 17

இன்டெல்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். சாண்டி பிரிட்ஜ் லேப்டாப், வீடியோ ஓடும்போது நடுவில் திரை கிழிந்து தெரிகிறது, பத்து வருடமாக ஒரே நிறுவலையே அப்டேட் செய்துவருகிறார்.

பத்து வருடம் என்றதும் நான் முதலில் பார்க்கச் சொன்னது, எக்ஸ்ஆர்க்கின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் எக்ஸ்ஆர்க்.கான்ஃப்.டி அடைவை. எதிர்பார்த்தபடியே 20-இன்டெல்.கான்ஃப் அங்கே இருந்தது, உள்ளே ஆக்சல்மெத்தட் யுஎக்ஸ்ஏ (வேகமாக வரைவதற்கான ஒரு பழைய முறை). 2013 வாக்கில் எல்லா வலைப்பதிவிலும் இருந்த அறிவுரை அது. அந்த இன்டெல் டிரைவருக்குக் கடைசியாக வெளியீட்டு எண் போட்டது 2014 டிசம்பரில், 2.99.917. அதற்குப் பின் எக்ஸ்ஆர்க் 1.17-இலேயே மோட்செட்டிங் என்ற பொது டிரைவர், வரைவதை வேகமாக்கும் கிளாமரோடு சேர்ந்து வந்துவிட்டது. 2016-இல் டெபியனும் உபுண்டுவும் ஓரளவு புதிய இன்டெல் சிப்புகளுக்கு அதையே முதல் தேர்வாக்கிவிட்டன. கோப்பை ஹோமுக்கு நகர்த்தி வையுங்கள் என்றேன். அழிக்கச் சொல்லவில்லை, தேவைப்பட்டால் திருப்பி வைக்கலாம்.

நகர்த்தியதும் கிழிசல் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. அவருடைய டெஸ்க்டாப்பான எக்ஸ்எஃப்சிஇ-யின் ஜன்னல் மேலாளரில் விபிளாங்க் (திரை புதுப்பிக்கும் கணத்தோடு ஒத்திசைவது) அமைப்பை ஜிஎல்எக்ஸ் ஆக்கியதும் நின்றது.

பேச்சோடு பேச்சாக இதையும் சொல்லிவிடுகிறேன். மீசா 22-இல் பழைய இன்டெல் ஆதரவையெல்லாம் எடுத்துவிட்டார்கள், அதனால் புதிய டிஸ்ட்ரோ போடுமுன் யோசியுங்கள்.

பிப்ரவரி 18

நேற்றைய கடைசி வரி தப்பு. ராத்திரி படுத்தபின் மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது, எழுந்து சரிபார்த்தேன்.

மீசா 22.0-இல் போனது கிளாசிக் என்ற பழைய அடித்தளத்தில் எழுதிய டிரைவர்கள். சிப்புகள் எல்லாம் கைவிடப்படவில்லை. இன்டெல்லின் நான்காம் தலைமுறை முதல் ஏழாம் தலைமுறை வரை, அதாவது 965-இலிருந்து ஹாஸ்வெல் வரை, டேவ் ஏர்லி எழுதிய க்ரோகஸ் என்ற புதிய டிரைவர் 21.2-இலேயே வந்துவிட்டது. 945 வகைக்கு ஐ915 டிரைவரின் கேலியம் (மீசாவின் புதிய அடித்தளம்) வடிவம் இருக்கிறது. உண்மையில் வெளியே நின்றவை ரேடியானின் ஆர்100, ஆர்200, ஜீஃபோர்ஸ் 4 வரையானவை, இன்டெல்லின் 830 முதல் 865 வரையானவை போன்ற மிகப் பழையவை. அவர்களுக்கும் ஆம்பர் என்ற தனிக் கிளையை விட்டுவைத்திருக்கிறார்கள். தம்பியின் ஆர்600 குடும்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்கு முந்தைய ஆர்300-கூட இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

இருபது வயது கார்டுக்கு இன்றும் சம்பளமில்லாமல் திருத்தம் அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம்.

மார்ச் 9

அக்காவின் லேப்டாப். இன்டெல் ஜிஎம்45 சிப்செட், 2009. புகார்: "டேய், மவுஸ் மூச்சு வாங்குதுடா."

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் சொன்னது அப்படியே சரி. சுட்டி வழுக்கிக்கொண்டு போகும், திடீரென்று ஒரு கணம் நிற்கும், மறுபடி போகும். செல்பேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணினேன். ஒவ்வொரு நிற்றலுக்கும் நடுவே பத்து நொடி. மறுபடி எண்ணினாலும் பத்து. உடைந்துபோன பொருள் இவ்வளவு ஒழுங்காக நிற்காது. யாரோ கடிகாரம் பார்த்துச் செய்கிற வேலை.

கெர்னலின் கிராஃபிக்ஸ் பகுதி பத்து நொடிக்கு ஒருமுறை "புதுத் திரை ஏதும் செருகினார்களா?" என்று வாசல்களைத் தட்டிப் பார்க்கும். /சிஸ்/கிளாஸ்/டிஆர்எம் அடைவில் வாசல்களின் பட்டியல் இருக்கிறது. அதில் எஸ்வீடியோ-1 என்று ஒன்று, ஸ்டேட்டஸ் "கனெக்டட்". அக்காவின் லேப்டாப்பில் எஸ்-வீடியோ துளையே கிடையாது. சிப்புக்குள் தொலைக்காட்சிச் சுற்று இருக்கிறது, அதற்கு வெளியே வழியில்லை. ஒயர் இல்லாத இடத்தில் மின்னழுத்தம் அளந்து, தொலைக்காட்சி இருப்பதாகக் கெர்னல் முடிவு கட்டிவிட்டது. இல்லாத டிவிக்குப் பத்து நொடிக்கொரு முறை நலம் விசாரிப்பு.

கிரப் வரியில் வீடியோ=எஸ்வீடியோ-1:டி. அந்த 'டி' அந்த வாசலை அடைத்துவிடும். ஒரே ரீபூட்டில் சுட்டி நீரோட்டமாகப் போனது. அக்கா காபி போட்டுக்கொடுத்தாள்.

மார்ச் 10

இதே தொடரில் ஒருவருக்குத் தனியாகச் சொன்னது, பொதுவிலும் இருக்கட்டும். லேப்டாப் திரை கருப்பு என்றால் டிரைவரைத் தொடுமுன் செல்பேசி டார்ச்சைத் திரைக்குச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக டெஸ்க்டாப் தெரிந்தால் டிரைவர் நன்றாகவே வேலை செய்கிறது, பின்னொளி மட்டும்தான் அணைந்திருக்கிறது. ஏசிபிஐ_பேக்லைட்=வென்டார், அல்லது நேட்டிவ், ஒவ்வொன்றாகக் கிரப்பில் முயலுங்கள். இரண்டிலும் எரியாவிட்டால் பின்னொளியின் இன்வெர்ட்டர் பலகையைப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 28

தம்பி திரும்ப வந்திருக்கிறார். வெயில் காலம் தொடங்கியதிலிருந்து வீடியோ பார்க்கும்போது இருபது நிமிடத்தில் மொத்தமாக உறைந்துவிடுகிறதாம். "ரேடியான் டிரைவர்ல பக் இருக்கா அண்ணா? புது கெர்னல் போடவா?"

போட வேண்டாம். ஜனவரியில் உறையாத அதே டிரைவர், அதே கெர்னல். மாறியது காற்று.

வெப்பநிலை காட்டும் எல்எம்-சென்சார்ஸ் நிறுவி, சென்சார்ஸ் கட்டளையை ஒரு ஓரத்தில் ஓடவிட்டு வீடியோ பார்க்கச் சொன்னேன். ரேடியான் என்று தனி வரி வரும். அவருக்கு 71-இல் தொடங்கி ஏறிக்கொண்டே போய் 98 டிகிரியில் நின்றுபோனது.

சனிக்கிழமை படிப்பகத்துக்கே கொண்டுவந்துவிட்டார். ஐந்து ஸ்க்ரூ, அடிமூடி கழன்றது. விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசு இருந்தது என்று சொன்னால் போதாது. கம்பளித் துணி போல, நெருக்கமாக, சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. ட்வீசரால் ஒரு முனையைப் பிடித்து இழுத்ததும் துண்டு துண்டாக வராமல் ஒரே கீற்றாக உரிந்து வந்தது, தகடுகளின் அச்சு அதன் மேல் பதிந்து. தம்பி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தார். வெப்பம் கடத்தும் பழைய பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. சுரண்டி, ஸ்பிரிட்டில் துடைத்து, புதியது அரிசி அளவு வைத்தோம்.

அதே வீடியோ, 74 டிகிரி. ஒரு மணி நேரம் ஓடவிட்டும் ஏறவில்லை.

மே 2

சூட்டைக் குறைக்க இன்னொன்றும் உண்டு. /சிஸ் அடைவில் கார்டின் டிவைஸ் பகுதியில் பவர்_டிபிஎம்_ஸ்டேட் என்ற கோப்பு. அதில் பேட்டரி என்று எழுதினால் கார்டு நிதானமாக ஓடும். கடிதம் அடிக்க, பாடம் படிக்க அது தாராளம்.

வீடியோவுக்கு வேறு வழி. ஆர்வி710-இல் எச்.264 படத்தைப் பிரித்துக் காட்டும் தனிச்சுற்று இருக்கிறது. யூடியூப் நமக்கு அனுப்புவது பெரும்பாலும் விபி9 அல்லது ஏவி1. 2009 கார்டுக்கு இரண்டும் பழக்கமில்லாதவை, பாரம் முழுக்கச் செயலிக்குப் போகும். எச்264இஃபை என்ற பிரவுசர் நீட்சி எச்.264-ஐயே கேட்டு வாங்கும். செயலிக்கே அதைப் பிரிப்பது இலகு. சேமித்த கோப்புகளை எம்பிவி பிளேயரில், விடிபிஏயு (கார்டின் வீடியோ சுற்றைப் பயன்படுத்தும் வழி) வழியாக ஓட்டுங்கள். செயலி உழைப்பு கண்முன்னே விழுவதைப் பார்க்கலாம்.

பிப்ரவரியில் சொன்ன ஜீஃபோர்ஸ் 210-க்கும் ஒரு பின்குறிப்பு. நூவோவில் அது மந்தமாக இருக்கிறது என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நூவோ அந்தக் கார்டைப் பயாஸ் விட்டுவைத்த வேகத்திலேயே வைத்திருக்கும், தானாக உயர்த்தாது. டீபக் கோப்புமுறையில் பிஸ்டேட் என்ற கோப்பில் 0எஃப் என்று எழுதினால் முழு வேகம். எங்கள் கார்டில் 405 மெகாஹெர்ட்ஸிலிருந்து 589-க்கு ஏறியது. முதல் முறை செய்யும்போது திறந்த கோப்புகளைச் சேமித்துவிட்டுச் செய்யுங்கள், சில கார்டுகள் உறைந்துவிடும். எங்களுடையது இரண்டு மாதமாக ஒழுங்காக ஓடுகிறது. என்விடியாவின் பிந்தைய மேக்ஸ்வெல் இரண்டாம் தலைமுறை முதல் கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் கேட்பதால் அந்தக் கார்டுகளுக்கு இந்த வழி கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் பழசு புதுசைவிடக் கொடுத்து வைத்தது.

ஜூன் 22

எஸ்ஐஎஸ் மிராஜ் 671 கிராஃபிக்ஸ் சிப் வைத்திருப்பவருக்கு: உங்களுக்கு நம்பிக்கை கொடுத்து நாட்களை வீணாக்க மனசு வரவில்லை. 3டி டிரைவர் இல்லை. எஸ்ஐஎஸ், வியா, சாவேஜ், மேட்ராக்ஸ் போன்றவற்றின் பழைய டிஆர்எம் (கெர்னலின் கிராஃபிக்ஸ் பகுதி) டிரைவர்களும் 2023-இல் கெர்னல் 6.3-இல் நீக்கப்பட்டுவிட்டன. அந்தக் கணினிக்கு வெசாதான் நிரந்தர வீடு. எல்எக்ஸ்கியூடி என்ற இலகுவான டெஸ்க்டாப் போட்டு, காம்பாசிட்டரை (ஜன்னலுக்கு நிழல் போன்ற அலங்காரம் சேர்ப்பது) அணைத்து, எழுதவும் படிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். வெளி மானிட்டர் ஒன்று 1024×768 அளவிலேயே கிடைத்தால் இழுபட்ட எழுத்தும் நேராகிவிடும்.

ஜூலை 14

அப்டேட் செய்த மறுநாள் கருப்பாகிறது என்று இந்த வாரம் மட்டும் மூன்று பேர். மூவருக்கும் ஒரே பதில்: கிரப்பில் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் திறந்து முந்தைய கெர்னலில் நுழையுங்கள். அதில் படம் வந்தால் கார்டும் மீசாவும் எக்ஸ்ஆர்க்கும் சரி, புதிய கெர்னல்தான் விஷயம். வராவிட்டால் கெர்னல்மேல் பழியில்லை. இரண்டு நிமிடச் சோதனை, எதையும் நிறுவவோ நீக்கவோ தேவையில்லை. உள்ளே வந்ததும் ஜர்னல்சிடிஎல் -பி -1 கொடுத்தால், கருப்பாகிப்போன அந்த முந்தைய பூட் என்ன சொல்லிவிட்டுப் போனது என்று படிக்கலாம். அதை எழுத்தாக இங்கே ஒட்டுங்கள்.

மூவரில் ஒருவர் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறார். நான்காவது வரியிலேயே நோமோட்செட் இருக்கிறது.